முகமும் குடியுரிமையும்

அகத்தின் அழகு முகத்திலே தெரியும் என்பர் முன்னோர். குடியுரிமையும் முகத்திலே தெரியுமோ என்பது இக்காலத்து எழுந்துள்ள வினா.

ஐக்கிய அமெரிக்காவிலே குடிவரவு உத்தியோகத்தர் ‘மொபைல் ஃபோர்ட்டிஃபை’ என்னுஞ் செயலியைக் கையாள்கின்றனர் என்பது 2025ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. தெருவிற் செல்வோர் முகத்தைக் கைத்தொலைபேசியாற் படம்பிடித்து, அரசாங்கச் சேமிப்பிலுள்ள படங்களோடு ஒப்பிட்டு, இவர் இன்னார் என அது கூறும்.

இக்கருவியின் இயல்பை முதலில் ஆராய்வாம். முகத்தின் உறுப்பமைதியைப் பொறி ஓர் எண்வரிசையாக மாற்றுகின்றது. பின்னர் அதற்கு மிக அணித்தாயதைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் காட்டுகின்றது. அணிமை வேறு, ஒருமை வேறு. ஆதலின் அது தருவது ஊகமேயன்றித் துணிபன்று.

விமான நிலையத்திலே பிரயாணியின் முகத்தை அவர்தங் கடவுச்சீட்டுப் படத்தோடு ஒப்பிடுதல் ஒருவகை. தெருவிலே கண்ட முகத்தைப் பலகோடிப் படங்களிடையே தேடுதல் மற்றொருவகை. முன்னையதிலும் பிழையுண்டு. அமெரிக்கத் தேசிய நியம, தொழினுட்ப நிறுவகம் 189 கணிப்பு முறைகளைச் சோதித்து 2019இல் அறிக்கை வெளியிட்டது. ஒருவரை மற்றொருவராக மயங்கும் பிழை, ஆசிய, ஆபிரிக்க வழியினர் முகங்களிலே, வெள்ளையர் முகங்களிலும் பார்க்கப் பல முறைகளில் 10 தொடக்கம் 100 மடங்குவரை மிகுந்திருந்தது. பின்னையதிலோ, தேடுங் கூட்டம் பெருகப் பெருக ஒத்த முகத்தினர் அகப்படுதலும் பெருகும்.

இப்பிழையின் விளைவு யாது? 2020 சனவரியிலே டெட்ரோயிற் நகரப் பொலிசார், பொறி காட்டிய தவறான விடையை நம்பி, குற்றமற்ற ஒருவரை அவர் மனைவி மக்கள் கண்முன்னே கைதுசெய்து ஏறத்தாழ 30 மணிநேரம் தடுத்து வைத்தனர். 2024இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி, பொறியின் விடையை மாத்திரங் கொண்டு அந்நகரப் பொலிசார் எவரையுங் கைதுசெய்தலாகாது. அவ்வரம்பு குடிவரவு உத்தியோகத்தரைக் கட்டுப்படுத்தாது. அவர்கள் பொறியின் விடையையே முடிந்த முடிபாகக் கொண்டு பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் புறக்கணிக்கலாம் எனத் தமக்குக் கூறப்பட்டதாகக் காங்கிரஸ் உறுப்பினர் பெனி தொம்சன் 2025இல் தெரிவித்தார்.

நியாயமற்ற சோதனையினின்றும் கைப்பற்றலினின்றும் மக்களைக் காக்கும் நான்காந் திருத்தம் 1791இல் அந்நாட்டு அரசியல் யாப்பிற் சேர்ந்தது. மெக்சிக்கோ வழியினர்போன்ற தோற்றம் ஒன்றே எல்லைக் காவலர் வாகனத்தை மறித்தற்குப் போதிய காரணமாகாது என உயர் நீதிமன்றம் 1975இல் தீர்த்தது. கண்ணாற் கண்ட தோற்றம் தனித்துச் சான்றாகாதெனின், பொறியாற் கண்ட தோற்றம் மாத்திரம் எங்ஙனஞ் சான்றாகும்?

குற்றத்தை நிறுவுங் கடமை அரசினது. பொறியின் சொல்லே தீர்ப்பாயின் அக்கடமை குடிமகன் தலைமேற் சுமத்தப்படும். களவுபோன திறவுகோலை மாற்றலாம், முகத்தை மாற்றலாகாது. எனவே பொறியின் விடை விசாரணையின் தொடக்கமாதல் அமையும். அதன் முடிவாதல் ஒருபோதும் அமையாது.