கோலாங் ஆப்புக்கு முன்னாடி என்ஜின்எக்ஸ் எதுக்கு?

ப்ராஜெக்ட் வெப் ஆப்பை கோலாங்கில் எழுதி கம்பைல் பண்ணியாச்சு. கையில் இருப்பது ஒரே ஒரு பைனரி ஃபைல். ஹெச்டிடிபி சர்வரும் அதுக்குள்ளேயே இருக்கு. அப்புறம் எதுக்கு முன்னாடி இன்னொரு சர்வர்?

முதல் காரணம் போர்ட். பிரவுசர் ஹெச்டிடிபிக்கு 80-ஐயும் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு 443-ஐயும் தேடி வரும். லினக்ஸில் வழக்கமாக 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்க ரூட் அனுமதி வேண்டும். அதுக்காக ஆப்பையே ரூட்டாக ஓட்டினால், கோடில் இருக்கும் ஒரு ஓட்டை போதும், மெஷினே கையை விட்டுப் போகலாம். என்ஜின்எக்ஸில் மாஸ்டர் ப்ராசஸ் மட்டும் ரூட். ரிக்வெஸ்ட்டைக் கையாளும் வொர்க்கர்கள் சாதாரண யூசராக ஓடும்.

இரண்டாவது, ஒரே சர்வரில் மூணு டீமோட ஆப் ஓடணும்னா, டொமைன் பெயரைப் பார்த்து பிரிச்சு அனுப்ப ஒரு ஆள் வேணும். டிஎல்எஸ் சான்றிதழையும் அங்கேயே வெச்சுக்கலாம்.

செட்டப் இதுதான். ஆப்பை 127.0.0.1:8080-ல் மட்டும் கேட்க வையுங்க. வெறும் :8080 என்று எழுதினால் எல்லா நெட்வொர்க் இன்டர்ஃபேஸிலும் கேட்கும். ஃபயர்வால் இல்லைன்னா வெளியாட்கள் என்ஜின்எக்ஸைத் தாண்டி நேரா வந்துடுவாங்க. பிறகு என்ஜின்எக்ஸ் கான்ஃபிகில் ப்ராக்ஸி பாஸ் வரியில் அந்த முகவரியைக் கொடுங்க.

யூசரின் ஐபியை ஒரு ஹெட்டரில் வெச்சு அனுப்பவும், ஆப் அதைப் படிக்கவும் மறக்காதீங்க. இல்லைன்னா எல்லாருமே 127.0.0.1-ல இருந்து வர்ற மாதிரி தெரியும். ஐபி வாரியா லாகின் முயற்சியை எண்ணித் தடுக்கிற கோட் இருந்தா, ஒருத்தர் தப்பு பாஸ்வேர்ட் போட்டதுக்கு எல்லாரும் வெளியே நிக்கணும்.

ஆப்பை எஸ்எஸ்ஹெச் டெர்மினலில் அப்படியே ஓட்டினால், டெர்மினலை மூடினதும் ஆப்பும் நின்னுடும். சிஸ்டம்டி சர்வீஸாகப் போட்டு, விழுந்தால் தானா எழும்படி ரீஸ்டார்ட் ஆப்ஷனையும் கொடுங்க.

எரர் வந்தா நம்பரைப் பாருங்க. 502 என்றால் பெரும்பாலும் ஆப் ஓடலை, அல்லது போர்ட் தப்பு. 504 என்றால் ஆப் பதில் தரத் தாமதம். என்ஜின்எக்ஸ் வழக்கமாக 60 விநாடிதான் காத்திருக்கும். 413 என்றால் அப்லோட் ஃபைல் பெரிசு. மாத்தாம விட்டால் வரம்பு 1 எம்பி.

ரிவ்யூவுக்கு முதல் நாளே சர்வரை ஒருமுறை ரீபூட் பண்ணிடுங்க. நீங்க லாகின் பண்ணாமலே சைட் திறந்தால்தான் டிப்ளாய்மென்ட் முடிஞ்சதுன்னு அர்த்தம்.