மொட்டைமாடி வானம் – 17: ஏழு சுற்று வலம், இரண்டு சுற்று இடம்

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் பிரகாரம் சுற்றுகிறவர்கள் எல்லோரும் ஒரே திசையில்தான் நடப்பார்கள். சாமி வலக்கைப் பக்கம் இருக்கவேண்டும், அதுதான் வலம். சிவன் கோயில்களில் நவக்கிரகத்துக்கு மட்டும் சிலர் கணக்கை மாற்றுவதுண்டு. ஏழு சுற்று வலமாக வந்துவிட்டு, நின்று திரும்பி, இரண்டு சுற்று இடமாக வருவார்கள். ஏன் என்று கேட்டால், "ராகுவும் கேதுவும் பின்னாடி போறவங்க இல்லையா?" என்பார்கள்.

அவர்கள் சொல்வது சரிதான். நிலாவின் பாதையும் சூரியனின் பாதையும் வானில் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்கின்றன. அந்தப் புள்ளிகளுக்குத்தான் ராகு, கேது என்று பெயர். அங்கே கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. ஆனால் சூரியனின் ஈர்ப்பு நிலாவின் பாதையை மெல்லத் திருகுவதால், புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கின்றன. பன்னிரண்டு ராசிக்கும் பங்கிட்டால் ராசிக்கு ஒன்றரை வருஷம், கொஞ்சம் சொச்சம். 2025-ல் ராகு மீனத்திலிருந்து மேஷத்துக்குப் போகாமல் கும்பத்துக்குப் பெயர்ந்தது இதனால்தான்.

குருவுக்கும் சனிக்கும் பஞ்சாங்கம் போடும் 'வக்கிரம்' வேறு. விருத்தாசலம் ஜங்ஷனைத் தாண்டி எக்ஸ்பிரஸில் போகும்போது, பக்கத்துத் தண்டவாளத்தில் அதே திசையில் மெதுவாகப் போகும் சரக்கு வண்டி பின்னால் நகர்வதுபோலத் தெரியுமே, அதுதான் வக்கிரம். பூமி உள்வட்டத்தில் வேகமாக ஓடி அவர்களை முந்துகிறது. அவர்கள் திரும்பவே இல்லை.

சரி, நிஜ ஓட்டம் எந்தப் பக்கம்? சூரியனின் வடதுருவத்துக்கு மேலிருந்து பார்த்தால் எட்டுக் கோள்களும் கடிகார முள்ளுக்கு எதிராக ஓடுகின்றன. சூரியன் அவற்றின் இடக்கைப் பக்கம். கோயில் கணக்கில் அது வலம் அல்ல, இடம்! தென்பக்கம் போய் நின்றால் அதே ஓட்டம் வலமாகிவிடும். ஆகவே வலமா இடமா என்பது பார்க்கிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. எட்டும் ஒரே பக்கம் போவதுதான் விசேஷம்.

ஏன் அப்படி என்பதற்கான விடை பீங்கான் ஊரான விருத்தாசலத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். சக்கரத்தில் வைத்த களிமண்ணில் எந்தத் துணுக்கும் தனி வழி பிடிப்பதில்லை; சக்கரம் போகும் பக்கமே போகும். சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் இளம் சூரியனைச் சுற்றித் தட்டையாகச் சுழன்ற வாயுவும் தூசியும் அப்படியொரு சக்கரம். கோள்கள் அதில் திரண்டவை. அப்படியானால், எதிர்த்திசையில் போகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய கதை இருந்தாகவேண்டும்.

வெள்ளி சூரியனைச் சுற்ற 225 நாள். தன்னைத்தானே சுற்ற 243 நாள், அதுவும் தலைகீழாக. அங்கே சூரியன் மேற்கில் உதிக்கும். கனத்த காற்று மண்டலம் இழுத்துத் திருப்பியதா, பழைய மோதல் ஒன்று கவிழ்த்ததா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

யுரேனஸ் 98 பாகை சாய்ந்து, படுத்து உருள்கிறது. 1977 மார்ச் 10 அன்று அது ஒரு நட்சத்திரத்தின் முன்னால் கடந்தபோது, ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் ஆய்வகத்தில் ஜே.சி.பட்டாச்சார்யாவும் கே.குப்புசாமியும் 102 செ.மீ. தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். கோளுக்கு வெளியிலேயே நட்சத்திர ஒளி சில நொடி மங்கியது. புது நிலா என்று எழுதினார்கள். அமெரிக்கர்களின் பறக்கும் ஆய்வகமும் அதே நிகழ்வில் பல மங்கல்களைப் பதிவுசெய்திருந்தது. அவை வளையங்கள் என்று தெளிவானது. அந்த வளையங்களும் பெரிய நிலாக்களும் சாய்ந்த கோளின் நடுக்கோட்டை ஒட்டியே சுற்றுகின்றன.

நெப்டியூனின் பெரிய நிலா டிரைட்டன். 1846-ல் வில்லியம் லாசெல் கண்டுபிடித்தது. கோள் சுழலும் திசைக்கு எதிராகவே ஆறு நாளுக்குள் ஒரு சுற்று வருகிறது. நெப்டியூனைச் சுற்றிய சக்கரத்தில் பிறந்த பிள்ளை அப்படிப் போகாது. வழியில் பிடிபட்டு வந்தது என்பதே அறிஞர்களின் முடிவு.

நம் நிலாவின் திசையை நீங்களே பார்க்கலாம். இன்று இரவு அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நிலா தன் அகலம் அளவுக்குக் கிழக்கே தள்ளியிருக்கும். வானம் மொத்தமும் மேற்கே சரிவது பூமி சுழல்வதால். கிழக்கே நகர்ந்த அந்தத் துளி மட்டுமே நிலாவின் சொந்த நடை.

(தொடரும்)