மழைக்கு முந்தும் சாந்து

வெளிச்சுவரில் ஓர் அங்குலக் கலவை. அதற்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்விக்கு மாட்டுங்காவும் செம்பூரும் தாராவியும் வெவ்வேறு பதில் சொல்கின்றன.

மும்பைக் கொத்தனார்களின் நாட்காட்டியில் ஜூன் 11 முக்கியமான தேதி. தென்மேற்குப் பருவமழை நகருக்குள் நுழைய வானிலைத் துறை குறித்து வைத்திருக்கும் சராசரி நாள் அது. அதற்குள் வெளிச்சுவரில் பூசிய சாந்து இறுகியிருக்க வேண்டும். சாரம் அவிழ்ந்திருக்க வேண்டும். 2025இல் மழை இந்த ஒப்பந்தத்தை மதிக்கவில்லை. மே 26ஆம் தேதியே வந்து இறங்கிவிட்டது. 1950க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை என்றது வானிலைத் துறை. பாதிச் சுவர் பூசிய நிலையில் அப்படியொரு மழை பிடித்தால் என்னாகும் என்று சொல்ல பொறியாளர் வேண்டியதில்லை. நேற்றுப் பூசியதில் இருக்கும் சிமென்டை மழை கழுவிக்கொண்டு போகும். மிஞ்சுவது மணல்.

வெளிப்பூச்சு என்றால் தமிழ்நாட்டில் பெரும்பாலும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம். மொட்டைமாடி ஒழுகும், சுவர் ஒழுகாது. மும்பையில் சுவரே ஒழுகும். சென்னை ஓராண்டில் காணும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். மும்பையின் புறநகரோ நான்கே மாதங்களில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் நனைகிறது. 2005 ஜூலை 26 அன்று மட்டும் சாந்தாகுரூஸில் பெய்தது 944 மில்லிமீட்டர். அதோடு இந்த மழை நேராக விழுவதில்லை. அரபிக்கடல் காற்று அதைச் சாய்த்துக் கொண்டுவந்து மேற்கு, தெற்குச் சுவர்களில் அறைகிறது. மேற்குப் பார்த்த படுக்கையறையில் பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போடாதே என்பது இங்கே மாமியார் மருமகளுக்குச் சொல்லும் முதல் புத்திமதிகளில் ஒன்று.

இந்த நீரைத் தடுத்து நிறுத்துவது சுமார் 20 முதல் 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு பூச்சு. மும்பையில் அதற்கு 'சாண்ட் ஃபேஸ்' என்று பெயர். இரண்டு கை வேலை. முதலில் செங்கல்லுக்கு இடையே உள்ள இணைப்புகளைச் சுரண்டிப் பள்ளமாக்குவார்கள். கான்கிரீட் தூண், உத்திரம் வரும் இடங்களில் வழவழப்புப் போகக் கொத்து விடுவார்கள். செங்கல்லும் கான்கிரீட்டும் வெயிலில் ஒரே மாதிரி விரிவதில்லை. இரண்டும் சேரும் கோட்டில்தான் முதல் விரிசல் விழும். ஆகவே அந்தக் கோட்டின் மேல் கோழிவலைக் கம்பியை வைத்து ஆணியடிப்பது வழக்கம். சுவரை நன்றாக நனைத்து, ஒன்றுக்கு நான்கு என்ற விகிதக் கலவையில் நீர்த்தடுப்பு மருந்து சேர்த்து முதல் கை. அது இறுகுவதற்குள் மேலே கோடு கோடாகக் கீறிவிட வேண்டும். அந்தக் கீறல்தான் இரண்டாவது கைக்குப் பிடிமானம். இடையில் சில நாள் தண்ணீர் ஊற்றி ஆறவிட்டு, மெல்லிய இரண்டாவது கை. அதை மட்டப்பலகையால் தேய்த்து, ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் மணல் பரல்கள் வெளியே தெரியும்.

அந்தப் பரல் முகத்துக்கும் காரணம் இருக்கிறது. சிமென்டை அதிகம் போட்டு இழுத்து மெழுகிய சுவர் பார்க்கப் பளபளக்கும். ஆனால் காயும்போது சுருங்கி, முடி போன்ற வெடிப்புகள் விடும். ஒவ்வொரு வெடிப்பும் ஒரு குழாய். 'சிமென்ட் ஜாஸ்தி போடு' என்று மேற்பார்வை செய்யும் வீட்டுக்காரர் தன் சுவருக்குத் தானே குழி தோண்டுகிறார்.

பூசி முடித்த பிறகு குறைந்தது ஏழு நாளாவது நனைக்க வேண்டும். மே மாத வெயிலில், ஏழாவது மாடியின் மேற்குச் சுவரில், மூங்கில் சாரத்தின் மேல் நின்று யார் நனைப்பது? தண்ணீர் லாரி வரும் கட்டடத்தில் எந்தத் தண்ணீரால் நனைப்பது? பூச்சு எங்கே கெட்டுப்போகிறது என்று தேடினால் பெரும்பாலும் இந்த ஏழு நாளில் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

மாட்டுங்காவின் கதை பழையது. 1896இல் பம்பாயைப் பிளேக் உலுக்கிய பிறகு, 1898இல் உருவான நகர மேம்பாட்டு அறக்கட்டளை, நெரிசலைக் குறைக்க வடக்கே தாதர், மாட்டுங்கா பகுதிகளில் மனை பிரித்தது. 1920களிலும் 30களிலும் அங்கே மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. தென்னாட்டிலிருந்து குமாஸ்தா வேலைக்கும் சுருக்கெழுத்து வேலைக்கும் வந்தவர்கள் அவற்றை நிரப்பினார்கள். தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் தோன்றியது அந்தக் குடியேற்றத்தின் அடையாளம். வளைந்த பால்கனிகளும் ஜன்னலுக்கு மேல் புருவம் போல நீளும் சஜ்ஜாக்களுமாக ஆர்ட் டெகோ பாணியில் நின்ற கட்டடங்கள் அவை. புருவத்தின் அடிப்பக்கத்தில் விளிம்பையொட்டி ஒரு சிறு பள்ளக்கோடு ஓடும். வழியும் நீர் சுவருக்குத் திரும்பாமல் அங்கேயே சொட்டிவிடுவதற்கான ஏற்பாடு. மராமத்து என்ற பெயரில் பின்னால் வந்தவர்கள் பல இடங்களில் அந்தப் பள்ளத்தைக் கலவை போட்டு நிரவினார்கள். நீர் சுவருக்குள் திரும்பியது.

ஆனால் மாட்டுங்காச் சுவர்களைக் கெடுத்ததில் கொத்தனாரின் கரணையைவிடச் சட்டத்துக்குப் பங்கு அதிகம். 1947ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை 1940ஆம் ஆண்டு நிலையில் உறைய வைத்தது. போர்க்காலத்துக்கும் பிரிவினைக்கும் பிறகு குடியிருப்பவருக்கு அந்தப் பாதுகாப்புத் தேவைப்பட்டது. ஆனால் ஒரு தளத்து வாடகை ஒரு மூட்டை சிமென்டுக்குக்கூடக் காணாத நாள் வந்தபோது, வீட்டுக்காரர் சாரம் கட்டுவதை நிறுத்திக்கொண்டார். குடியிருப்பவரோ சொந்தமில்லாத சுவருக்குச் செலவு செய்யத் தயங்கினார். நடுவில் நின்ற சுவர் நனைந்தது. 1969இல் அரசு தலையிட்டு, பழைய கட்டடங்களுக்குப் பழுதுபார்ப்பு வரி விதித்து, அதைக் கொண்டு மராமத்துப் பார்க்க வாரியம் அமைத்தது. அப்போது கணக்கில் வந்த கட்டடங்கள் 19,600க்கும் மேல். அந்த வாரியம் இப்போது மாடா என்ற மாநில வீட்டு வசதி ஆணையத்துக்குள் இருக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவுதான் என்று அது உச்சவரம்பு வைத்திருக்கிறது. மிச்சத்தைக் குடியிருப்பவர்கள் போட வேண்டும். 'மிச்சம்' என்ற அந்தச் சொல்லில்தான் பல கட்டடங்களின் கூட்டங்கள் சண்டையில் முடிகின்றன.

சண்டை முடிவதற்குள் சுவருக்குள் நடப்பது இது: கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வெடிப்புகள் வழியே புகுந்து அந்தக் காரத்தை மெல்ல மெல்லக் குறைக்கிறது. கடற்காற்றின் உப்பு வேறு. பிறகு ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். தன் மேலிருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளும். கீழே நடைபாதையில் ஒரு கை அகலப் பத்தை வந்து விழும்போது, குற்றவாளி பூச்சு என்றுதான் தெருவுக்குத் தெரியும். பூச்சு விழுந்தது உண்மை. ஆனால் அதைத் தள்ளியது கம்பி. அந்த இடத்தில் புதுக் கலவையை அப்பி வண்ணம் அடிப்பது காய்ச்சல்காரனுக்குச் சந்தனம் பூசுவது மாதிரி. கம்பி வரை கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, தடுப்புப் பூச்சுக் கொடுத்து, அதன் பிறகே மேல்பூச்சு என்பது சரியான வரிசை.

செம்பூரில் சுவர் குடியிருப்பவர்களுடையதே. பெரும்பாலானவை கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கங்கள். மாநிலத்தின் மாதிரி விதிகள் தெளிவாகவே இருக்கின்றன: வெளிச்சுவர் வழியே மழைநீர் கசிந்தால் சங்கத்தின் செலவு, உங்கள் குளியலறை கீழ்வீட்டில் ஒழுகினால் உங்கள் செலவு. கசியும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் விதி சொல்லாது. ஜூலையில் மட்டும் ஒழுகினால் வெளிச்சுவர், பிப்ரவரியிலும் ஒழுகினால் குழாய் என்பது அனுபவஸ்தர்களின் எளிய பரிசோதனை. மோசமில்லை. ஆனால் கிழக்குப் பக்க வீட்டுக்காரர், ஒரு சொட்டுக்கூட ஒழுகாதவர், மேற்குச் சுவருக்கு ஏன் லட்சம் கொடுக்க வேண்டும் என்று பொதுக்குழுவில் எழுந்து கேட்கும்போது, தஞ்சாவூர்க்காரர், பாலக்காட்டுக்காரர், சிந்தி, மராட்டியர் என்ற பேதமில்லாமல் எல்லோரும் மௌனமாகிறார்கள்.

30 வயதைக் கடந்த கட்டடங்கள் உறுதிச் சான்று வாங்க வேண்டும் என்கிறது மாநகராட்சிச் சட்டம். 2013 செப்டம்பர் 27 அன்று மஜ்காவில் மாநகராட்சியின் சொந்தக் கட்டடமே இடிந்து 61 பேர் மாண்ட பிறகு, அந்தச் சான்றை யாரும் வெறும் காகிதம் என்று சொல்வதில்லை. செம்பூர், திலக் நகர்ப் பக்கம் பல சங்கங்கள் வேறு கணக்குப் போட்டுவிட்டன. பூசுவதற்குப் பதிலாக இடித்து, புதிய கோபுரத்தில் பெரிய வீடு வாங்கிக்கொள்வது. கட்டுநர் பேச்சுவார்த்தை தொடங்கிய நாளோடு மராமத்து நின்றுவிடுகிறது. பேச்சுவார்த்தை பத்து மழைக்காலம்கூட நீடிக்கலாம் என்பதை அப்போது யாரும் நினைப்பதில்லை.

தாராவியில் கேள்வியே வேறு: பூசுவதற்கு வெளிச்சுவர் எங்கே இருக்கிறது? மூன்று பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டியிருக்க, ஆள் ஒருவர் மட்டும் நுழையும் சந்தைப் பார்த்த முகப்பு ஒன்றுதான் மிச்சம். திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து, 1913இல் பிள்ளையார் கோயில் எழுப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த முகப்பில் சாந்து பூசுவதோடு நிற்பதில்லை. குளியலறை ஓட்டைப் பதித்து விடுகிறார்கள். பூப்போட்ட ஓடு, மயில் ஓடு, சாமிப்படம் போட்ட ஓடு. வெளியூர்க்காரர் கண்ணுக்கு வேடிக்கை. ஆனால் சாக்கடை தெறிக்கும் சந்தில் ஒரு வாளித் தண்ணீரில் கழுவிவிடக்கூடிய, வண்ணம் கேட்காத, மழை புகாத முகப்புக்கு அதைவிட மலிவான வழி இல்லை.

மேல்மாடி இன்னொரு விவகாரம். கீழே நான்கு அங்குலச் செங்கல் சுவர். மேலே இரும்புக் கோணச்சட்டம், அதன்மேல் பத்ரா எனப்படும் தகரம். தகரத்தில் கலவை ஒட்டாது. வலைக்கம்பி அடித்து, அதன் கண்களுக்குள் சாந்தைத் திணித்தால்தான் நிற்கும். இதையே அமெரிக்காவில் பெரிய அளவில் செய்கிறார்கள். மரச்சட்ட வீட்டின் மேல் ஒட்டுப்பலகை, அதன்மேல் தார்க்காகிதம், பிறகு வலை, அதற்குமேல் மூன்று கைப் பூச்சு. அதற்கு 'ஸ்டக்கோ' என்று பெயர். அங்கேயும் சொதப்பியிருக்கிறது. கனடாவின் வான்கூவர் பகுதியில் 1980களிலும் 90களிலும் எழுந்த அடுக்குவீடுகளில் பூச்சுக்குப் பின்னால் புகுந்த மழைநீர் வெளியேற வழியில்லாமல் பலகைகளை உளுக்க வைத்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடனில் விழ, 1998இல் விசாரணை ஆணையமே அமைக்க வேண்டியிருந்தது. நீர் உள்ளே வராமல் தடுப்பது பாதி வேலைதான். வந்த நீர் வெளியே போவதற்கும் வழி வைக்க வேண்டும் என்பதை அந்த ஊர் பெரும் விலை கொடுத்துக் கற்றது. ஈரச் சுவரின் மேல் ரப்பர் போன்ற வண்ணத்தைப் பூசி 'இனி பத்து வருஷம் கவலையில்லை' என்று விற்பவர்கள் மும்பையிலும் உண்டு. அடுத்த கோடையில் அது அப்பளம் போல உப்பும்.

தாராவியின் மறுசீரமைப்புத் திட்டம் 2004இலிருந்து பேசப்படுகிறது. 2022 நவம்பரில் அதானி குழுமத்தின் ஏலத்தொகை முதலிடம் பெற்றது. 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு பிறப்பதற்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். மேல்மாடிக்காரருக்குத் தாராவிக்கு வெளியே, தவணை முறையில். ஆக, ஒரே வீட்டின் கீழ்ச்சுவருக்கும் மேல்சுவருக்கும் வெவ்வேறு எதிர்காலம். பூச்சுக்குக் கொடுக்கும் பணம் இரண்டு மழைக்கா, பத்து மழைக்கா என்று கீழே இருக்கும் அண்ணனுக்கும் தெரியாது, மேலே இருக்கும் தம்பிக்கும் தெரியாது. பூசாவிட்டால் இந்த ஜூலையில் குழந்தைகளின் பாடப்புத்தகம் நனையும் என்பது மட்டும் இருவருக்கும் தெரியும்.

பூசுகிறவர்களில் தமிழர் இப்போது குறைவு. மேற்கு வங்கத்தின் மால்டா, முர்ஷிதாபாத் பக்கத்திலிருந்தும் பிகாரிலிருந்தும் வருகிறவர்களே அதிகம். மூங்கிலைக் கயிற்றால் கட்டிய பராஞ்சி என்ற சாரத்தில், கீழே வலைகூட இல்லாமல் நிற்பவர்களை மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு நடக்கிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கடக்கிறார்கள். கட்டடத் தொழிலாளர் நலச் சட்டம் 1996இலேயே வந்தது. இடுப்புக் கயிறு பல சாரங்களில் கம்பத்தில் தொங்குகிறது, இடுப்பில் அல்ல.

மே கடைசி வாரத்தில் தாராவியின் கடைகளில் நீலத் தார்ப்பாய்கள் மடிப்பு மடிப்பாக வந்து அடுக்கப்படும். பூசலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாத மேல்மாடிக்காரர்கள் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்குவார்கள். நான்கு மூலைக்கும் கல், நடுவில் பழைய டயர், கட்டுவதற்குத் தேங்காய்நார்க் கயிறு.