கண்டிப் பட்டறைகளுக்கு ஓர் உலை வேண்டும்

சிறிய லேத் பட்டறையில் கருவி உருக்கு வேலை சரிப்படாது, அதற்குக் கணினியால் இயங்கும் இயந்திரம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கண்டியின் தொழில் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கோப்பித் தோட்டக் காலத்தில் ஜோன் வோக்கர் தன் இயந்திர நிறுவனத்தை 1854இல் தொடங்கியது இந்த நகரில்தான். கண்டிப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைக் கொழுந்தை உருட்டும் இயந்திரத்தை 1872இல் செய்தார். இன்றும் இங்குள்ள பட்டறைகளிடம் கைத்திறன் குறைவில்லை. வெப்பத்தை அளக்கும் வசதிதான் குறை.

கடைசலை எடுத்துக்கொள்வோம். கருவி உருக்கு பொதுவாக மென்மையாக்கிய நிலையிலேயே விற்பனைக்கு வரும். ஓ1 ரகத்தில் 20 மில்லிமீற்றர் தண்டைச் சாதாரண ஹைஸ்பீட் வெட்டுளியால் நிமிடத்துக்கு 18 மீற்றர் வேகத்தில் கடையலாம். லேத் நிமிடத்துக்கு ஏறக்குறைய 285 சுற்று ஓடினால் போதும். பழைய லேத்துக்கும் அது பெரிய வேகமில்லை. உளி உரசிக்கொண்டு நிற்காமல் வெட்டிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான். டி2 ரகத்தில் 12 சதவீதமளவு குரோமியம் இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். இதெல்லாம் நம் லேத்காரருக்குக் கைவந்த வேலை.

சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். ஓ1 உருக்கைக் கடினப்படுத்த 790 முதல் 815 பாகை வரை சூடாக்கி எண்ணெயில் தோய்க்க வேண்டும். அந்த 25 பாகை இடைவெளியைக் கண்ணால் பிடிப்பது கடினம். நிழலில் செந்நிறமாய்த் தெரியும் இரும்பு வெயிலில் கறுத்துத் தெரியும். காந்தம் ஒட்டாமற்போவது ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டியதைக் காட்டும், எவ்வளவு தாண்டியது என்பதைக் காட்டாது. சூடு மிஞ்சினால் உருக்கின் உள்மணிகள் பருத்து, அதில் செய்த அச்சு முதல் அடியிலேயே வெடிக்கலாம். பல மணி நேரக் கடைசல் அந்தச் சில நிமிடத்தில் வீணாகும்.

நம் முன்னோர் கண்ணளவிலேயே உருக்கு செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தார்கள், பலாங்கொடைப் பக்கத்து உருக்குத் தொழிலை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார். ஆனால் அவர்கள் கையாண்டது எளிய கரிம உருக்கு. டி2வுக்கு ஆயிரம் பாகைக்கு மேல் போக வேண்டும், அந்தச் சூட்டில் குறித்த நேரம் நிறுத்தவும் வேண்டும். பழைய லொறி வில்லுத்தகடு போதாதா என்றால், உளிக்கும் கத்திக்கும் போதும். பித்தளைத் தகட்டை ஆயிரக்கணக்கில் வெட்டும் அச்சுக்கு, ரகம் தெரியாத உருக்கை நம்ப முடியாது. இறக்குமதி மலிவு என்பதும் பொதுவான உதிரிப்பாகங்களுக்கே பொருந்தும். பழைய தேயிலை இயந்திரத்தின் பாகத்தை எந்த விலைப்பட்டியலில் தேடுவது? 2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது மலிவுக் கணக்கும் கைகொடுக்கவில்லை.

ஒவ்வொரு பட்டறையும் தனக்கென உலை வாங்க முடியாது என்பது மட்டும் உண்மையான தடை. அதனால்தான் பொது உலை கேட்கிறோம். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கண்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெப்பக் கட்டுப்பாட்டு உலை ஒன்றும் கடினத்தன்மை அளக்கும் கருவி ஒன்றும் கட்டணத்துக்குக் கிடைக்க, பட்டறை உரிமையாளர்கள் ஒன்றுகூடிப் பீடத்திடம் கேட்க வேண்டும்.