உங்களுக்குத் தெரியுமா? பால் நம் ஊரில், காப்புரிமை யார் பேரில்?

மலாக்காவில் ரப்பர் பேச்சு எடுத்தால் துரை, கங்காணி, பெரட்டு, லயம் என்றுதான் கதை போகும். அந்தப் பாலை வைத்து யார் யார் காப்புரிமை எடுத்தார்கள், யார் கோர்ட்டில் தோற்றார்கள், யார் எடுக்காமலே விட்டார்கள் என்பது வேறு கதை. ரசாயனத்தில் தொடங்கி ஒலி, காற்று என்று எங்கெங்கோ போகும். அதிலிருந்து சில துணுக்குகள் இங்கே.

★ மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் மலாக்காவில்தான் உருவானது. 1896இல் டான் சாய் யான் என்ற சீனத் தோட்டக்காரர் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அந்தக் காலத்து மலாக்காவில் மரவள்ளிதான் பெரிய பயிர். ரப்பருக்குக் காசு போட யாரும் துணியவில்லை. அவர் துணிந்தார். அடுத்து புக்கிட் அசஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டார். 1906இல் அந்தத் தோட்டம் லண்டன் கம்பெனியின் கைக்குப் போனது. ஜாசின் பக்கத்துத் தமிழர் பலருக்குக் குடும்பக் கதையே அசஹானில்தான் தொடங்கும்.

★ இந்தத் தொழிலில் மிகப் பெரிய கண்டுபிடிப்பு எது என்று கேட்டால் என் ஓட்டு பால் வெட்டும் முறைக்குத்தான். அதற்குக் காப்புரிமை கிடையாது. பிரேசில் காட்டில் கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் புண்ணாகிப் பட்டுப்போகும். சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு 1888இல் தலைவராக வந்த ஹென்றி ரிட்லி, 1890களில் வேறொரு வழி கண்டார். புதிது புதிதாக வெட்டாமல், பழைய வெட்டின் ஓரத்திலேயே மெல்லிய சீவல் எடுத்தால் மறுபடியும் பால் வரும், முன்பைவிடக் கூடுதலாகவே வரும். மரமும் பல ஆண்டுகள் நிற்கும்.

சொல்வதற்குச் சுலபம். பால் ஓடும் குழல்கள் பட்டையின் உட்பகுதியில், வளரும் படலத்துக்குச் சற்று வெளியே இருக்கின்றன. கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம்; மேலாகப் போனால் மங்கில் பால் இல்லை. அந்தக் குழல்கள் நேராக நிற்காமல் சற்றுச் சாய்ந்து ஏறுவதால், இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும்படி வெட்டினால்தான் அதிகக் குழல் அறுபடும். விடியுமுன் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. வெயில் ஏறினால் மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் குறையும், பால் ஓட்டமும் குறையும். இத்தனை இயற்பியலையும் நெற்றி விளக்கு வெளிச்சத்தில், நிரை முழுவதும் நூற்றுக்கணக்கான மரங்களில், தினமும் கை அளவிலேயே செய்து காட்டியவர்கள் நம் அம்மாக்களும் அத்தைமார்களும். ரிட்லியைத் தோட்டக்காரர்கள் ‘பைத்தியக்காரர்’ என்று கேலி செய்தார்கள். அவர் 100 வயதுவரை வாழ்ந்து 1956இல் இறந்தார்.

★ காண்டா வாளியைத் திறந்தால் மூக்கில் ஏறும் அமோனியா வாடை நினைவிருக்கிறதா? பால் உறையாமல் காக்க அமோனியா கலப்பதற்கு 1853இலேயே காப்புரிமை எடுத்துவிட்டார்கள். மலாயாவில் ஒரு ரப்பர் மரம்கூட இல்லாத காலம் அது!

★ உறையாமல் காப்பது ஒரு வித்தை என்றால், வேண்டும்போது உறைய வைப்பது இன்னொன்று. ரப்பர்த் துகள்களைச் சுற்றிப் புரதப் படலம் இருக்கிறது. அதில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். ஃபார்மிக் அமிலம் ஊற்றினால் அந்த ஏற்றம் போய்விடும். பசும்பாலில் எலுமிச்சை பிழிந்தால் திரிவதுபோல ரப்பர் திரண்டு நிற்கும். பால் ஸ்டோரில் ‘ஆசிட்’ என்று சொன்னது பெரும்பாலும் இதைத்தான். எறும்பு கடித்தால் சுருக்கென்று எரிகிறதே, அதே அமிலம். 1671இல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் எறும்புகளைக் காய்ச்சி வடித்து அதை எடுத்தார்.

★ பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் தீரும் என்று கண்டவர் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர். கையில் காசில்லை. மாதிரித் துண்டுகளை இங்கிலாந்துக்கு அனுப்பி விற்கப் பார்த்தார். அவை தாமஸ் ஹான்காக் கைக்குப் போயின. ஹான்காக் சாமானியர் இல்லை, ரப்பரைப் பிசையும் இயந்திரத்தை 1820இல் செய்து, காப்புரிமை எடுக்காமல் ரகசியமாகவே வைத்திருந்தவர். துண்டில் இருந்த கந்தகத்தைக் கண்டுகொண்டார், தானே சோதனை செய்தார், 1843 நவம்பரில் இங்கிலாந்தில் விண்ணப்பம் போட்டுவிட்டார். குட்இயர் அங்கே விண்ணப்பித்தது சில வாரம் கழித்து. அமெரிக்கக் காப்புரிமை மட்டும் 1844இல் அவருக்குக் கிடைத்தது. 1860இல் அவர் இறந்தபோது மிஞ்சியது கடன்தான். அவர் பெயரைத் தாங்கிய டயர் கம்பெனி பிறந்தது 1898இல். அந்தக் கம்பெனிக்கும் அவர் குடும்பத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

★ டன்லப்புக்கும் இதே தலையெழுத்து. 1888இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு ஆண்டில் அது செல்லாது என்று தெரியவந்தது. காரணம், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845லேயே அதைப் பதிந்திருந்தார். ஆனால் தாம்சன் காலத்தில் சைக்கிளும் இல்லை, மோட்டாரும் இல்லை. நல்ல யோசனை நாற்பது ஆண்டு சும்மா கிடந்தது. டன்லப் கம்பெனி மட்டும் அசரவில்லை. 1910 முதல் மலாயாவில் தோட்டங்களை வாங்கிக் குவித்தது.

★ விளக்கெண்ணெய்க்கும் ரப்பருக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே!

முன்பெல்லாம் சீட்டு ரப்பர்தான். பாலை உறைய வைத்து, ரோலரில் விட்டுத் தகடாக்கி, புகைக்கூட்டில் நாலைந்து நாள் தொங்கவிட வேண்டும். தரம் பார்ப்பது கண்ணால்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குமிழ் இருக்கிறதா, தூசி இருக்கிறதா, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பார்த்து ஒரு எண் போடுவார்கள். அந்தச் சமயத்தில் செயற்கை ரப்பர் சுத்தமான கட்டியாக, ரசாயனக் கணக்கோடு சந்தைக்கு வந்து போட்டி போட்டது. மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் இதற்குக் கண்ட பதில்தான் ‘ஹெவியாகிரம்ப்’. உறைந்த ரப்பரோடு ஒரு சதவீதத்துக்கும் குறைவாக விளக்கெண்ணெய் சேர்த்து ரோலரில் விட்டால் அது தகடாக ஒட்டாது; பொடிப்பொடியாக உதிரும். பொடி சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். பிறகு அழுத்தி 33.3 கிலோ கட்டியாக்கி பிளாஸ்டிக்கில் சுற்றினால் வேலை முடிந்தது. கழகம் இதற்குக் காப்புரிமையும் எடுத்தது. 1965இல் வந்த எஸ்.எம்.ஆர். என்ற ரப்பர்த் தரமுறையில் தூசி, சாம்பல், நைட்ரஜன் எல்லாம் பரிசோதனைக் கூடத்தில் அளக்கப்பட்டன. தோட்டப் பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் என்றால் பேதிக்குக் கொடுப்பது. அது உலக ரப்பர் வாணிபத்தின் வயிற்றையும் சரிசெய்தது என்று எந்தப் பாடநூலிலும் எழுதமாட்டார்கள்.

★ அந்தக் கழகத்துக்கு 1966இல் முதல் ஆசிய இயக்குநராக வந்த பி.சி. சேகர் ஒரு தோட்டத்துப் பிள்ளை. 1929இல் சிலாங்கூரின் உலு பூலோ தோட்டத்தில் பிறந்த மலையாளி. கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் ரப்பர் ஏன் இறுகுகிறது என்று துப்புத் துலக்கியவர். ரப்பரின் நீண்ட இழைகளில் அங்கங்கே ஆல்டிஹைட் தொகுதிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவைதான் நாள்பட நாள்பட இழைகளைப் பிணைக்கின்றன. ஹைட்ராக்சிலமீன் உப்பைச் சிறிதளவு கலந்தால் அவற்றின் வாய் அடைபடும். இறுகாத ரப்பரால் டயர் ஆலைகளில் பிசையச் செலவாகும் மின்சாரம் மிச்சமானது. 1973இல் அவருக்கு ராமோன் மக்சைசாய் விருது கிடைத்தது.

★ இனிக் காற்றுப் பக்கம் வருவோம். ஆயர் குரோவில் வார இறுதியில் கோல்ஃப் ஆடுகிறார்களே, அந்தப் பந்தில் ஏன் அத்தனை குழி?

19ஆம் நூற்றாண்டின் நடுவில் கோல்ஃப் பந்து ஆனது கட்டாபர்ச்சா என்ற மலாய்க் காட்டு மரப் பாலில். புதுப் பந்து வழவழவென்று இருக்கும், ஆனால் சரியாகப் பறக்காது. அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்துதான் தூரம் போனது. ஆட்டக்காரர்கள் இதைக் கவனித்து, புதுப் பந்திலும் வேண்டுமென்றே சுத்தியலால் கொத்தினார்கள். லெஸ்டர் நகரில் லென்ஸ் தொழில் நடத்திய வில்லியம் டெய்லர் உட்குழிந்த வட்டங்கள்தான் சிறந்தவை என்று கண்டு 1905இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

காரணம் இதுதான். பந்தின் தோலை ஒட்டி மெல்லிய காற்றுப் படலம் ஓடுகிறது. வழவழப்பான பந்தில் அந்தப் படலம் பாதி வழியிலேயே தோலை விட்டுப் பிரிந்துவிடும். பின்னால் அகலமான சுழல் உண்டாகி பந்தை இழுக்கும். குழிகள் அந்தப் படலத்தைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய படலத்துக்கு வெளிக்காற்றிலிருந்து வேகம் கிடைப்பதால் பந்தின் முதுகுவரை ஒட்டிச் செல்லும். சுழல் குறுகும், இழுவை ஏறக்குறைய பாதியாகும். வழவழப்புதான் காற்றுக்கு நல்லது என்று நினைத்தவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

★ பந்தின் உள்ளேயும் ஒரு வழக்கு. ரப்பர் நூலை இழுத்துச் சுற்றிச் செய்யும் பந்துக்கு அமெரிக்கர் கோபர்ன் ஹாஸ்கெல் 1899இல் காப்புரிமை வாங்கினார். பிரிட்டனில் அது பிரபுக்கள் சபைவரை போய்த் தோற்றது. ஸ்காட்லாந்தில் ஒருவர் முன்பே ரப்பர் நூல் சுற்றிப் பந்து செய்திருந்தாராம்.

★ எமில் பெர்லினரின் முதல் அமெரிக்க கிராமபோன் தட்டுகள் அரக்கில் செய்யப்பட்டவை அல்ல. கந்தகம் மிகுதியாகச் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பரில் செய்தவை. அச்சில் அழுத்தும்போது சில இடங்கள் பள்ளம் விழாமல் தட்டையாக நின்றுவிடும், பாட்டு அங்கே விட்டுப்போகும். 1895 வாக்கில் அரக்குக் கலவைக்கு மாறினார். அந்த அரக்கு இந்தியக் காட்டு மரங்களில் பூச்சி சுரப்பது.

★ டாக்டர் காதில் மாட்டும் ஸ்டெதஸ்கோப்பின் இரட்டைக் குழலை 1852இல் சீராக வடிவமைத்தவர் நியூயார்க்கின் ஜார்ஜ் கேமன். அதற்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. ரிட்லியோடு சேர்த்து இவருக்கும் ஒரு வணக்கம்.

★ லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் பார்க் சுரங்க ரயில் நிலையத்தின் தலைமேலேயே ஆல்பனி கோர்ட் என்ற குடியிருப்பு நிற்கிறது. 1966இல் கட்டியது. கீழே ரயில் ஓடினாலும் மேலே அதிர்வு தெரியாமல் இருக்கக் கட்டடத்தையே ரப்பர்த் திண்டுகளின் மேல் உட்கார வைத்தார்கள். ரப்பரையும் எஃகுத் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்கிய திண்டு: பாரத்தைத் தாங்கும், அதிர்வை மேலே விடாது. அதன் பின்னணியில் இருந்தது இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் இயங்கிய மலாயா ரப்பர் உற்பத்தியாளர்களின் ஆய்வகம். 1985இல் கலிபோர்னியாவில் நிலநடுக்கத்தைத் தாங்க ரப்பர்மேல் எழுந்த அமெரிக்காவின் முதல் கட்டடத்துக்கும் ரப்பர்க் கலவை அங்கிருந்துதான் போனது. ஆய்வகச் செலவுக்குப் பணம்? நாட்டிலிருந்து ஏற்றுமதியான ரப்பருக்கு விதித்த தீர்வை. அதாவது, மெர்லிமாவில் ஒருவர் வெட்டிய பாலும் லண்டன்காரரின் தூக்கத்துக்குக் காசு கட்டியிருக்கிறது!

★ நெடுஞ்சாலையில் லாரி டயர் ‘ஙொய்’ என்று ஒரே சுதியில் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். டயர் முகத்தில் உள்ள கட்டைகள் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் ஒவ்வொன்றும் ஒரே இடைவெளியில் சாலையில் மோதும். அந்த ஓசைதான் அது. கார் டயரை உற்றுப் பாருங்கள், கட்டைகள் இரண்டு மூன்று அளவுகளில் கலந்திருக்கும். சுதி சிதறிப் பொதுவான இரைச்சலாகிவிடும், காதை உறுத்தாது. எந்த அளவுக்குப் பின் எந்த அளவு என்ற வரிசைக்கே டயர் கம்பெனிகள் காப்புரிமைமேல் காப்புரிமை வைத்திருக்கின்றன.

★ விமான இறக்கையின் முன்விளிம்பில் பனி உறைந்தால் காற்றோட்டம் கெட்டு, தூக்கும் விசை போய்விடும். அமெரிக்க வேதியியலாளர் வில்லியம் கீர் ரப்பர்ப் பை ஒன்றை அந்த விளிம்பில் ஒட்டினார். உள்ளே காற்றை விட்டு விட்டு அடித்தால் பை உப்பும், பனி உடைந்து தெறிக்கும். குட்ரிச் கம்பெனி 1930களில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிறிய விமானங்களில் இன்றும் இருக்கிறது.

★ மலாயாவில் கண்டுபிடித்தவர் முதலில் பிரிட்டனில் காப்புரிமை பெற்று, அதை இங்கே பதிவு செய்ய வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. மலேசியாவின் சொந்தக் காப்புரிமைச் சட்டம் 1983இல் இயற்றப்பட்டு, 1986 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. சுதந்திரம் அடைந்து 29 ஆண்டு கழித்து!

★ காற்றுக் கதையை மலாக்காவிலேயே முடிப்போம். பத்து பெரெண்டாம் விமான நிலையத்துப் பக்கம் சி.டி.ஆர்.எம். என்ற தொழிற்சாலை இருக்கிறது. 1990இல் தொடங்கியது. ஏர்பஸ் இறக்கைகளுக்கான கூட்டுப்பொருள் பாகங்கள் அங்கே தயாராகின்றன. ‘ஈகிள்’ என்ற இரண்டு இருக்கை விமானத்தையும் அங்கே செய்தார்கள். பார்க்க விசித்திரமாக இருக்கும்: மூக்கருகே ஒரு சிறிய இறக்கை, நடுவில் பெரியது, வாலில் இன்னொன்று. விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டே போனால் முன் இறக்கைதான் முதலில் பிடியை இழக்கும். மூக்கு தானே கீழே இறங்கும், பெரிய இறக்கை தூக்கும் விசையை இழக்காமல் தப்பும். அதன் இறக்கைக் குறுக்குவெட்டை வடிவமைத்த ஜான் ரான்ஸ், 1986இல் எரிபொருள் நிரப்பாமலே உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்திலும் பங்காற்றியவர்.