மாமாவின் டீசல் காரும் ஒரு பிரஷர் சென்சாரும்

போன மாதம் எங்க மாமா போன் பண்ணினார். "டேய், வண்டியில ஆரஞ்சு லைட் எரியுது. ஃபில்டரையே மாத்தணும்ங்கிறாங்க. நீ இன்ஜினியர்தானே, என்னன்னு பாரு." நான் எழுதுவது பேமென்ட் ஆப்புக்கான கோடு. ஆனா அவர் சொன்ன தொகையைக் கேட்டதும் உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு, டீசல் கார்களின் புகைக்குழாயில் டி.பி.எஃப். என்கிற துகள் வடிகட்டி வருது. உள்ளே செராமிக்கில் ஆயிரக்கணக்கான மெல்லிய சதுரக் குழாய்கள். செஸ் போர்டு மாதிரி, ஒரு குழாய்க்கு முன்பக்கம் அடைப்பு, பக்கத்துக் குழாய்க்குப் பின்பக்கம் அடைப்பு. அதனால் புகை சுவரைத் துளைத்துத்தான் வெளியே போயாகணும். கரி சுவரிலேயே தங்கிடும்.

சேர்ந்த கரியை அவ்வப்போது சுமார் 600 டிகிரியில் எரிக்கணும். இதுக்குப் பேர் ரீஜெனரேஷன். எப்போ எரிக்கிறது? உள்ளே எத்தனை கிராம் கரி இருக்குன்னு எடை போட தராசு கிடையாது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தைச் சொல்லும் ஒரு சென்சார்தான் இருக்கு. அந்த எண்ணிலிருந்து கிராமைக் கண்டுபிடிக்கணும்.

இதுக்கு அடிப்படை, 1856ல் ஹென்றி டார்சி எழுதியது. பிரான்சில் டிஜோன் நகரத்துக் குடிநீருக்காக உழைத்தவர். மணல் வழியா தண்ணீர் எப்படி இறங்குதுன்னு அளந்தார். வேகமும் தடிமனும் கூடினா இழப்பு கூடும். நுண்துளைகள் தாராளமா இருந்தா குறையும். குழாய் உரசலும், நுழையும் இடத்து நெரிசலும் தனிக் கணக்கு. ஆனா கரி சேர்ந்த பிறகு பெரும்பங்கு இந்த டார்சி கணக்குதான்.

பைத்தானில் போட்டுப் பார்த்தேன். 0.3 மில்லிமீட்டர் சுவருக்கு இழப்பு சுமார் 540 பாஸ்கல். அதன் மேல் வெறும் 0.05 மில்லிமீட்டர் கரிப்படலம் வைத்தேன்: 4,500 பாஸ்கல்! தடிமன் ஆறில் ஒரு பங்குதான், ஆனா நான் எடுத்துக்கிட்ட எண்களில் கரி சுவரைவிட 50 மடங்கு இறுக்கம்.

சரி, அழுத்தத்தை வைத்துக் கரியைச் சொல்லிடலாமேன்னு தோணும். நானும் அப்படித்தான் நினைச்சேன். முதலில் வெப்பம் குழப்புது: சூடான புகை விரியும், பாகுத்தன்மையும் கூடும், அதே கரிக்கு அழுத்தம் ஏறிடும். இது பரவாயில்லை, வெப்பத்தை அளந்து சரிசெய்யலாம்.

உண்மையான சிக்கல் வேற. காலி ஃபில்டரில் கரி முதலில் சுவரின் நுண்துளைக்குள் போகும். அழுத்தம் சர்ருன்னு ஏறும். அப்புறம்தான் மேலே படலமா படியும், ஏற்றம் நிதானமாகும். பாதி எரிந்து நின்றுபோனா, துளைக்குள் இருந்த கரி போய் மேல்படலம் மட்டும் மிஞ்சலாம். அப்போ அதே கிராம் கரிக்கு அழுத்தம் குறைவாகக் காட்டும். கோடு எழுதுறவங்களுக்குப் புரியும், இது பியூர் ஃபங்ஷன் இல்லை. பழைய கதை தெரியாம விடை வராது. அதனால்தான் இன்ஜின் எவ்வளவு கரி கக்கியிருக்கும்னு கம்ப்யூட்டர் இன்னொரு கணக்கையும் கூடவே ஓட்டுது.

குறைவா மதிப்பிட்டா, அளவுக்கு மீறிச் சேர்ந்த கரி ஒரேயடியா எரிந்து செராமிக் வெடிச்சிடும். அதிகமா மதிப்பிட்டா அடிக்கடி எரிப்பு. டீசல் வீண், கொஞ்சம் இன்ஜின் ஆயிலிலும் கலக்கும்.

மாமாவுக்கு வீட்டிலிருந்து கடை 4 கிலோமீட்டர். எரிப்பு தொடங்கும் நேரத்தில் சாவியை அணைச்சிடுவார். வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் ஸ்கேனரை மாட்டி எரிக்க வைத்தோம். லைட் அணைஞ்சிடுச்சு, ஃபில்டர் மாத்தலை. இப்போ ஞாயிற்றுக்கிழமைகளில் ஈ.சி.ஆரில் ஒரு ரவுண்டு போறார், அத்தைக்கு சந்தோஷம்.

என் கோடில் ஒண்ணு பாக்கி: சாம்பல். இன்ஜின் ஆயிலிலிருந்து வருவது, எத்தனை டிகிரியிலும் எரியாது. குழாய்களின் கடைசியில் சேர்ந்துக்கிட்டே போகும். 90,000 கிலோமீட்டர் ஓடிய மாமா வண்டியின் "காலி ஃபில்டர்" அழுத்தம் புதுசின் அழுத்தம் இல்லை. அந்த ஜீரோவை எங்கே வைக்கிறதுன்னு இன்னும் முட்டிக்கிட்டு இருக்கேன்.