ராஃப்டிங் போகும் முன் கன அடியைக் கேளுங்கள்

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் பலருக்கும் நாளிதழில் அணை நீர்மட்டத்தைப் பார்த்தால்தான் பொழுது விடியும். பில்லூர் எத்தனை அடி, பவானிசாகருக்கு விநாடிக்கு எத்தனை கன அடி வருகிறது, ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுகிறதா நிறுத்திவிட்டார்களா என்பதெல்லாம் இங்கே டீக்கடைப் பேச்சு. ஆனால், இதே ஊர்க்காரர்கள் குடகுக்கோ ரிஷிகேஷுக்கோ ராஃப்டிங் போகத் திட்டமிடும்போது ஆற்றின் கன அடியைக் கேட்பதில்லை. படத்தைப் பார்க்கிறார்கள், கட்டணத்தைப் பார்க்கிறார்கள், ‘கிரேடு 3’ என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பணம் கட்டுகிறார்கள். நாம் ஏறப்போவது ஆற்றின் பெயரில் அல்ல, அன்றைக்கு அங்கே ஓடும் தண்ணீரில். அந்தத் தண்ணீரைக் கணக்குப் பார்த்துத்தான் பயணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கொங்கு நாட்டிலேயே மலையாறுகள் இருக்க, ராஃப்டிங்குக்கு ஏன் வெளியூர் போக வேண்டும்? பவானி செங்குத்தாக இறங்கும் மேல்பகுதி காட்டுக்குள்ளும் குந்தா மின்திட்ட அணைகளுக்கு இடையிலும் இருக்கிறது. மாயாறு முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களின் ஊடாக ஓடுகிறது. பில்லூர் நீர்த்தேக்கத்தில் பரளிக்காட்டில் வனத்துறை நடத்தும் பரிசல் பயணம் தேங்கிய நீரில் நடப்பது. ஓடும் நீரின் விசையை நம் பக்கத்தில் உணர வேண்டுமானால் ஒகேனக்கல் பரிசல்தான். மூங்கில் பிளாச்சில் பின்னிய வட்டக் கூடை அது. முன்பு தோல் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். முன்பின் இல்லாத வட்டம் என்பதால் ஓட்டம் பிடித்தால் சுழலும். பரிசல்காரரின் ஒற்றைத் துடுப்புதான் அதற்குத் திசை. காற்றடைத்த படகான ராஃப்ட் வேறு வகை. தனித்தனிக் காற்றறைகள் இருப்பதால் ஒன்று கிழிந்தாலும் மற்றவை தாங்கும். காற்றடைத்த அடித்தளத்தின் விளிம்பிலுள்ள துளைகள் வழியே, உள்ளே புகுந்த நீர் தானாக வடிந்துவிடும். அதனால்தான் பரிசல் போக முடியாத நுரைவெள்ளத்திலும் அது போகிறது.

அந்த நுரைவெள்ளத்தை உண்டாக்குபவை நான்கு: சரிவு, நீரின் அளவு, ஆறு குறுகும் இடம், பாறை. ஒரு கிலோமீட்டரில் 10 மீட்டர் இறங்கும் ஆற்றில் விநாடிக்கு 1,000 கன அடி, அதாவது சுமார் 28,000 லிட்டர் நீர் போவதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒரு கிலோமீட்டரில் நீர் செலவழிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 2.8 மெகாவாட். உடுமலைப் பக்கம் நிற்கும் பெரிய காற்றாலை ஒன்று முழு வேகத்தில் சுற்றும்போது தரும் மின்சாரத்துக்கு ஈடானது இது. டர்பைன் இல்லாத ஆற்றில் இவ்வளவும் அலையாகவும் சுழலாகவும் இரைச்சலாகவும் செலவாகிறது.

இனி கன அடிக் கணக்கு. அகலம் மாறாத பள்ளத்தாக்கில் நீரின் அளவு இருமடங்கானால், ஆழம் சுமார் ஒன்றரை மடங்காகும், வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். கேட்பதற்குச் சிறிய மாற்றம்தான். ஆனால் ஓடும் நீர் தள்ளும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் நீர், நம் உடலின் அரை சதுர மீட்டர் பரப்பில் மோதினால் சுமார் 25 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 2 மீட்டர் வேகத்தில் அது 100 கிலோ. 3 மீட்டரில் 230 கிலோ. முழங்காலளவுத் தண்ணீர்தானே என்று நின்றவரை ஆறு இழுத்துக்கொண்டு போவது இதனால்தான். ராஃப்டிலிருந்து விழுந்தவர் எழுந்து நிற்க முயலக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். இரண்டு கற்களுக்கு நடுவே பாதம் மாட்டிக்கொண்டால், முதுகில் மோதும் நீர் ஆளை முன்னால் மடக்கி அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி, பாதங்களை நீர்மட்டத்தில் வைத்து மிதப்பதே சரி.

ஆற்றில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம், மூழ்கிய பாறைக்கு அப்பால் இருக்கும் பள்ளம். பாறைமேல் வழுக்கி விழும் நீர் அடியில் பாய்ந்து, சற்றுத் தள்ளி எழும்பி, மேற்பரப்பில் பாறையை நோக்கியே திரும்பி மடங்குகிறது. சிக்கியதை அங்கேயே புரட்டிக்கொண்டிருக்கும் இடம் இது. நுரையில் பாதி காற்று என்றால் மிதக்க வைக்கும் திறனும் பாதிதான். வெறும் தண்ணீரில் லைஃப் ஜாக்கெட்டோடு மேலே நிற்பவர், அந்த நுரையில் கழுத்துக்கு மேலும் அமிழக்கூடும். பாறைக்குப் பின்னுள்ள பள்ளத்துக்கு இருபுறமும் ஓரம் உண்டு. அங்கே ஓடும் நீர் ஆளை வெளியே எடுத்துவிடும். கரைக்குக் கரை கட்டிய தடுப்பணைக்குக் கீழே அந்த ஓரமே கிடையாது. நீர் அதிகமானவுடன் பவானியின் கொடிவேரி தடுப்பணையில் குளிக்கத் தடை போடுவதை யாரும் வீண் கெடுபிடியாக நினைக்க வேண்டாம்.

நீர் கூடினால் ஆபத்தும் சீராகக் கூடும் என்றும் சொல்ல முடியாது. ரேபிட்கள் எனப்படும் நுரைத்துப் பாயும் இடங்களில் சில, பெருவெள்ளத்தில் பாறையெல்லாம் மூழ்கி மட்டமாகிவிடும். கோடையில் கரையில் கிடந்த பாறை அன்று புதிய பள்ளமாக மாறும். ஆற்றில் விழுந்தவரைக் கரைசேர்க்க உதவும் அமைதியான ஓரங்களும் மறைந்துவிடும். எனவே 1 முதல் 6 வரையுள்ள கிரேடு ஓர் ஆற்றுக்கு ஒட்டிய நிரந்தர முத்திரை அல்ல. அது குறிப்பிட்ட ஒரு பகுதிக்கு, குறிப்பிட்ட நீரளவில் சொல்வது. 1, 2 என்றால் வேகமான ஓட்டமும் சிறு அலைகளும். 3 என்றால் ஒழுங்கில்லாத அலைகள்; படகைத் திருப்பத் தெரிய வேண்டும். 4 என்றால் வலுவான வெள்ளம். கைடின் கட்டளைக்குக் குழுவே ஒன்றாகத் துடுப்புப் போட வேண்டும். 5 தேர்ந்தவர்களுக்கு. 6 உயிரைப் பணயம் வைப்பது.

இந்தக் கண்ணோடு நம்மவர்கள் போகும் ஆறுகளைப் பார்ப்போம். தென் குடகின் பாராபோலே கேரளத்தின் வளபட்டணம் ஆற்றில் சேரும் சிற்றாறு. மழை பெய்யும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் அங்கே ராஃப்டிங். 2 முதல் 4 வரையிலான ரேபிட்கள் குறுகிய தூரத்தில் அடுத்தடுத்து வரும். மேலே கொட்டும் மழை சில மணி நேரத்தில் ஆற்றில் இறங்கிவிடும் என்பதால், முந்தைய நாள் விசாரித்த நிலவரம் மறுநாள் காலைக்கு உதவாது. குடகின் துபாரேயில் ஓடுவது ஒகேனக்கல்லுக்கு வரும் அதே காவிரிதான். மழை இல்லாத மாதங்களில் அது மென்மையானது, புதியவர்களுக்கும் குடும்பத்துக்கும் ஏற்றது.

வட கர்நாடகத்தின் தாண்டேலியில் கதையே வேறு. அங்கே காளி ஆற்றின் நீர் சூபா அணையின் மின் உற்பத்தியைப் பொறுத்தது. திறந்தால் ஆறு, மூடினால் கற்கள். மழைக்காலம் முடிந்து கோடைவரை பெரும்பாலும் 2, 3 கிரேடு கிடைக்கும். எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். அணை திறப்பு எவ்வளவு வேகமாக ஆற்றை மாற்றும் என்று மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பில்லூரில் திறக்கும் நீரால் பவானி திடீரென உயர்ந்து, குளிக்க இறங்கியவர்கள் நடுப்பாறையில் சிக்கியதும் உயிரிழந்ததும் உண்டு.

ரிஷிகேஷில் ஒரே கங்கையில் ஏறும் இடம்தான் பயணத்தைத் தீர்மானிக்கிறது. பிரம்மபுரியில் ஏறினால் சுமார் 9 கி.மீ., சிவபுரியில் ஏறினால் 16 கி.மீ., கௌடியாலாவில் ஏறினால் 36 கி.மீ. மேலே போகப் போக கிரேடு 4 ரேபிட்களும் சேர்ந்துகொள்ளும். மழை உச்சத்தில் இருக்கும் ஜூலை, ஆகஸ்டில் நிறுத்திவிடுவார்கள். பனி உருகும் ஆற்றில் வெயில் ஏற ஏற நீரும் கூடும். குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும்: நீர் உடல் வெப்பத்தைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகக் கடத்தும். பவானியிலும் ஆழியாற்றிலும் நீந்திப் பழகிய கைகால்கூட மார்கழி கங்கையில் சில நிமிடங்களில் விறைத்துவிடும். 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம், முறையான விதிகள் வகுக்கும்வரை ராஃப்டிங்குக்குத் தடை விதித்தது. கூட்டம் பெருகிய அளவுக்குக் கட்டுப்பாடு வளரவில்லை என்பதை நாடறியச் செய்த உத்தரவு அது.

ஆகவே போனிலேயே கேட்டுவிட வேண்டியவை சில உண்டு. இன்று நீர் எவ்வளவு, இந்த அளவில் இந்தப் பகுதி என்ன கிரேடு? எந்த அளவைத் தாண்டினால் பயணத்தை ரத்து செய்வீர்கள்? கைடுக்கு ஆற்று மீட்புப் பயிற்சிச் சான்றும் முதலுதவிச் சான்றும் உண்டா? ஒரே ராஃப்ட்தானா, இன்னொன்றோ பாதுகாப்புக் கயாக் படகோ கூட வருமா? ஒற்றை ராஃப்ட் கவிழ்ந்தால் விழுந்தவர்களை யார் எடுப்பது? இவற்றுக்குத் தெளிவான பதில் வராத இடத்தை விட்டுவிடுங்கள்.

கரையில் சோதிக்க வேண்டியது லைஃப் ஜாக்கெட். எல்லா வாரையும் இறுக்கிய பின், ஜாக்கெட்டின் தோள்வார் இரண்டையும் பிடித்து இன்னொருவர் மேலே தூக்கட்டும். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. ஆற்றில் அது மிதக்கும், நீங்கள் அதற்குள்ளிருந்து நழுவுவீர்கள். ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும், தலையை உதறினால் ஆடக் கூடாது. துடுப்பின் மேல்முனையில் குறுக்குக்கட்டை போல ஒரு பிடி இருக்கும். அதிலிருந்து உள்ளங்கையை எடுக்கவே கூடாது. அலையில் ராஃப்ட் குலுங்கும்போது பக்கத்தில் இருப்பவரின் பல்லையும் மூக்கையும் உடைப்பது பெரும்பாலும் அதுதான். கைடு கரையிலேயே கட்டளைகளைச் சொல்லி, எல்லாரையும் துடுப்புப் போட வைத்துப் பார்க்கிறாரா, விழுந்தால் என்ன செய்வது என்று காட்டுகிறாரா என்று கவனியுங்கள். அவசரமாக ஏற்றிவிடுபவர் ஆற்றிலும் அவசரப்படுவார்.

கொங்கு நாட்டிலிருந்து ஓரிரவு வண்டியோட்டிப் போய் இறங்குகிறோம், விடுப்பும் பணமும் செலவாகியிருக்கிறது, கூட வந்த பிள்ளைகள் ஆசையோடு நிற்கிறார்கள். அந்த நேரத்தில் ‘இன்றைக்குத் தண்ணீர் அதிகம், படகு இறங்காது’ என்று ஒருவர் சொன்னால் மனம் வாடும். வாதாடாதீர்கள், கூடுதல் பணம் தருவதாகச் சொல்லி வேறொருவரைத் தேடாதீர்கள். வருமானத்தை விட்டுக்கொடுத்து நம்மைக் கரையில் நிறுத்தும் அந்த ஆளின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவரிடமே போகலாம்.